‘இஞ்சினீர் வீடு’ என்னும் பெயரின் வரலாறு

நம் சங்கத்து மாணவர் விடுதிக் கூடத்தில் நம் மரபிற் பிறந்து நற்பெயர் எய்திய முன்னோர்தம் படங்களை நிரல்பட வைத்தல் வேண்டுமெனச் சென்ற பொதுக்கூட்டத்தில் முடிவு செய்யப்பட்டதை அன்பர்கள் அறிவர். அந்நிரலில் எம் பூட்டனார், அஃதாவது எம் தந்தையாரின் பாட்டனார் படமும் இடம்பெறுமென்றும், அதன்கீழ் ‘நம் குலத்து முதல் இஞ்சினீர்; முதல் உலகப் பெரும்போரிற் சேனைப் பொறியாளர்’ என்று எழுதப்படுமென்றும் செயலாளர் அவர்கள் எமக்குத் திருமுகம் விடுத்து, அவர் வரலாற்றை இத்திங்களிதழுக்கு ஒரு கட்டுரையாக வரைந்து தருமாறும் பணித்தார்கள். யாம் மகிழ்ந்து இசைந்தோம். எழுதுகோலை எடுத்த பின்னரே, இதுகாறும் வரலாறென்று யாம் கருதியிருந்தது வீட்டுக் கதையே என்பது எமக்குப் புலப்பட்டது. ஆகவே ஆராயப் புகுந்தோம். ஆராய்ச்சியின் முடிவு யாம் விரும்பியவாறு அமையவில்லை. ஆயினும் அதனை உள்ளவாறே நம் அன்பர்முன் வைப்பது கடமையெனக் கொண்டு இதனை வரைகின்றோம்.

வீட்டுக் கதை

வட ஆர்க்காட்டுச் சீமையிற் பாலாற்றங்கரையிலுள்ள எம் சிற்றூரில் எம் இல்லத்துக்கு ‘இஞ்சினீர் வீடு’ என்று பெயர். தபாற்காரரும் பால்காரரும் இன்றளவும் அப்பெயராலேயே வழங்குவர். பெயர்க்காரணம் கேட்பார்க்கு எம் வீட்டார் சொல்லிவந்தது இது: எம் பூட்டனார் பட்டாளத்தில் இஞ்சினீர் உத்தியோகம் பார்த்தவர்; துரைமாருக்குச் சமமாக நாற்காலியில் அமர்ந்தவர்; பாபிலோன் தேசத்துப் பேராற்றின் குறுக்கே பாலம் அமைத்துச் சேனையைப் பாக்தாத்து நகருக்கு நடத்திச் சென்றவர். எம் இளமையில் யாமும் இக்கதையைப் பள்ளித் தோழர்க்குப் பன்முறை சொல்லிப் பெருமிதம் கொண்டதுண்டு.

கதையுள் ஐயத்துக்கிடமான இடங்கள் சில இருந்தன. எம் பூட்டனார் தச்சுத் தொழிலர் குடியிற் பிறந்தவர்; திண்ணைப் பள்ளியில் எழுத்தும் எண்ணும் கற்றதன்றி ஆங்கிலம் பயின்றவரல்லர். போரினின்று மீண்ட பின்னர்த் தம் வாழ்நாள் முழுதும் வண்டிச் சக்கரமும் ஏரும் கதவும் செய்தே பிழைத்தவர். துரைக்குச் சமமாக அமர்ந்த இஞ்சினீர் ஒருவர் ஊர் திரும்பி உளியும் கொட்டாப்புளியும் எடுத்தது எவ்வாறு? இவ்வினாவை எம் வீட்டில் ஒருவரும் எழுப்பியதில்லை. எழுப்பாதிருந்தவருள் யாமும் ஒருவர்.

வெள்ளிப் பதக்கம்

எம் பாட்டனாரின் தங்கையார், எம் பூட்டனாருக்குக் கடைசி மகளார், அகவை 90-ஐக் கடந்து நல்ல நினைவோடு வாழ்கின்றார். அத்தைப் பாட்டி என்று யாம் அழைக்கும் அவரிடம் சென்று வினவியபொழுது, துணிப்பெட்டியின் அடியிலிருந்து மஞ்சள் துணியில் முடிந்த ஒரு வெள்ளிப் பதக்கத்தை எடுத்துத் தந்தார். அதனை உருக்கிப் பேரப்பிள்ளைக்குத் தண்டை செய்யவேண்டி ஒருகால் தட்டாரிடம் கொடுத்ததாகவும், நம்மவராகிய அத்தட்டார் அதன் விளிம்பைத் தடவிப் பார்த்து, “இதுல பேர் வெட்டியிருக்கும்மா, பேரை உருக்கக் கூடாது” என்று திருப்பிக் கொடுத்துவிட்டதாகவும் கூறினார். அத்தட்டாருக்கு யாம் என்றும் கடமைப்பட்டுள்ளோம். அவர் கை தயங்கியிராவிடில் இக்கட்டுரை இல்லை.

பதக்கத்தின் ஒரு பக்கத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலையும், மறுபக்கத்திற் குதிரையூர்ந்த ஆடவன் உருவமும், 1914, 1918 என்னும் ஆண்டுகளும் உள்ளன. குதிரையின் காலடியிற் கழுகுச் சின்னம் பொறித்த கேடயம் மிதிபடுகின்றது. இது போர் முடிந்தபின் 1919-இல் ஏற்படுத்தப்பெற்ற பிரிட்டிஷ் யுத்தப் பதக்கம். இதன் சிறப்பு முகத்திலன்று, விளிம்பிலேயே உளது. பெறுவோரின் படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகிய நான்கும் விளிம்பிற் சிற்றெழுத்தாற் பொறிக்கப்படும். உருப்பெருக்குக் கண்ணாடி கொண்டு யாம் படித்தவிடத்து, எண்ணும் பெயரும் தெளிவாக இருந்தன. பதவியைக் குறிக்குமிடத்து ‘எஸ்.பி.ஆர்.’ என்னும் மூன்றெழுத்தும், படைப்பிரிவைக் குறிக்குமிடத்து ‘2 கியூ.வி.ஓ. எஸ். அண்டு எம்.’ என்னும் எழுத்துக்களும் இருந்தன.

பின்னது ‘இரண்டாம் விக்டோரியா மகாராணி சொந்தச் சாப்பர் மைனர் படை’ என்பதன் சுருக்கம். அஃது அக்காலத்து மதராஸ் சாப்பர் சேனைக்கு வழங்கிய பெயர். முன்னது ‘சாப்பர்’ என்பதன் சுருக்கம். காலாட்படையிற் சிப்பாய் எத்தகையனோ அத்தகையனே இப்படையிற் சாப்பர் என்பான். அவனுக்கு மேல் நாயக், அவனுக்கு மேல் ஹவில்தார், அதற்கும் மேல் ஜமேதார், சுபேதார், சுபேதார் மேஜர் எனப் படிகள் உள. எம் பூட்டனார் அப்படிகளுள் ஒன்றிலும் ஏறியவரல்லர்; அடிப்படியில் நின்றவர்.

இனி, இஞ்சினீராக இருந்து பதவி குறைக்கப்பட்டாரோ எனில், அதற்கும் இடமில்லை. அக்காலத்துச் சாப்பர் படையில் இஞ்சினீர் எனப்பெற்ற அதிகாரிகள் இராயல் இஞ்சினீர்ஸ் என்னும் பகுதியைச் சார்ந்த வெள்ளையர். இந்தியர் ஒருவர் எத்துணை வல்லுநராயினும் சுபேதார் மேஜர் பதவிக்கு மேற் செல்ல அன்று வழியில்லை. ஆகவே 1916-ஆம் ஆண்டிற் சாப்பர் படையில் ‘தமிழ் இஞ்சினீர்’ ஒருவர் இருந்தாரென்பது நடவாத செய்தி.

மதராஸ் சாப்பர் படை

இப்படையின் வரலாற்றைச் சுருங்கச் சொல்லுவோம். ஏனெனின், நம் சீமைக் குடும்பங்கள் பலவற்றுக்கு இதனோடு தொடர்புண்டு, ஆயினும் நம் பிள்ளைகள் இதன் பெயரையும் அறியார்.

1780-ஆம் ஆண்டு ஹைதர் அலி கருநாடகச் சீமைக்குட் புகுந்து, செப்டம்பர் 10-ஆம் நாள் காஞ்சிபுரத்தையடுத்த பொள்ளிலூரில் ஆங்கிலச் சேனையை முறியடித்தார். அந்நிகழ்ச்சிக்கு 20 நாட்களின் பின், செப்டம்பர் 30-ஆம் நாள், சென்னைச் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் லெப்டினன்ட் ஜோசப் மூர்ஹவுஸ் என்பார் தலைமையில் இரண்டு பயனீர் கம்பெனிகள் தொடங்கப்பெற்றன. வழி திருத்துதல், அகழ் வெட்டுதல், மதில் தகர்த்தல், ஆறு கடத்துதல் ஆகியவை அவர்தம் வேலை. அவற்றின் வழித்தோன்றலே மதராஸ் சாப்பர் படை. ‘சாப்’ என்பது பகைவர் கோட்டையை நோக்கி மறைவாக வெட்டிச்செல்லும் அகழின் பெயர். அதனை வெட்டுவோன் சாப்பர். ‘மைன்’ என்பது சுரங்கம். அதனைத் தோண்டி வெடி வைப்போன் மைனர்.

இப்படையினர் எகிப்து, ஜாவா, பர்மா, சீனம், அபிசீனியா முதலிய நாடுகளிற் பணிபுரிந்தனர். போரில்லாத நாட்களில் அவர் கைகள் வாளா இருந்ததில்லை. சர் ஆர்தர் காட்டன் கோதாவரிக்குக் குறுக்கே தவளேசுவரத்தில் 1847 முதல் 1852 வரை எடுத்த அணையிலும் சாப்பர்களின் உழைப்பு உண்டு. 1860-ஆம் ஆண்டுகளில் இப்படையின் தலைமையிடம் பெங்களூரில் நிலைபெற்றது. 1876-இல் ‘மகாராணியின் சொந்தப் படை’ என்னும் சிறப்புப் பெயர் வந்தது. கம்பிவேலியைத் தகர்க்கும் ‘பெங்களூர் டார்பிடோ’ என்னும் வெடிக்குழாயை 1912-இல் இப்படையைச் சார்ந்த காப்டன் மக்ளின்டாக் என்பார் இயற்றினார். இரண்டாம் உலகப்போரில், 1944 பிப்ரவரி 24-ஆம் நாள், இத்தாலியில் மிஞ்ஞானோ என்னுமிடத்தில், வெடிக்கவிருந்த நிலக்கண்ணியின்மேற் பாய்ந்து வீழ்ந்து, தம் உயிரைக் கொடுத்துப் பிறர் உயிரைக் காத்தார் சுபேதார் சுப்பிரமணியன். ஜார்ஜ் சிலுவை பெற்ற முதல் இந்தியர் அவரே. நாடு விடுதலை எய்தியபின் இப்படை ‘மதராஸ் இஞ்சினீயர் குரூப்’ என்னும் பெயரோடு பெங்களூரிலேயே விளங்குகின்றது. இப்படையினரை மற்றைப் படையினர் ‘தம்பி’ என்றே அழைப்பது வழக்கம்.

பெயர்த் திரிபு

இனி, ‘இஞ்சினீர்’ என்னும் சொல் எம் வீட்டுக்கு வந்த வழியை ஆராய்வோம். அத்தைப் பாட்டியாரிடம், “அந்தக் காலத்தில் ஊரார் பாட்டனாரை எப்படிச் சொல்லுவார்கள்?” என்றோம். “இஞ்சினீர் பட்டாளத்து ஆசாரின்னு சொல்லுவாங்க, கண்ணு. அப்புறம் பட்டாளம் போயிடுச்சு, ஆசாரியும் போயிடுச்சு, இஞ்சினீர் மட்டும் நின்னுது” என்று சிரித்தார். எம் ஆராய்ச்சி முழுதையும் அம்மூதாட்டியார் ஒரு தொடரில் முடித்துவிட்டார்! ‘இஞ்சினீர் பட்டாளம்’ என்பது படையின் பெயர். தொகைச்சொல் தேய்ந்து முன்மொழி மட்டும் நின்று ஆட்பெயராயிற்று. தேய்ந்த சொல்லுக்குப் பொருள் தேடப் புகுந்த பின்னோர், நாற்காலியும் துரையும் தாமே சேர்த்துக்கொண்டனர்.

ஆயினும் சொல்லாராய்ச்சி மற்றொன்றும் காட்டுகின்றது. ஆங்கிலத்தில் ‘இஞ்சினீர்’ என்னும் சொல் ஆதியிற் குறித்தது கோட்டை தாக்கும் போர்ப்பொறிகளை ஆக்குவோனையே. பாலம், கால்வாய், சாலை ஆகியவற்றைப் போருக்கன்றிக் குடிகளுக்கென அமைப்போர் 18-ஆம் நூற்றாண்டில் தம்மை அவனினின்று வேறுபடுத்தவே ‘சிவில் இஞ்சினீர்’ என்று சொல்லிக்கொண்டனர். நம் மொழியிலும் அவ்வாறே. சிலப்பதிகாரம் மதுரை மதிலின்மேல் அமைந்த போர்க்கருவிகள் பலவற்றை அடுக்கிக் கூறுகின்றது. அத்தகையவற்றைப் ‘பொறி’ என்பது நம் முன்னோர் வழக்கு. அப்பொறிகளைச் செய்த கைகள் தச்சர் கைகளும் கொல்லர் கைகளுமன்றி வேறெவர் கைகள்? ஆதலின், பட்டம் பெற்ற இஞ்சினீர் என்னும் பொருளில் வீட்டுக்கதை பொய்யேயாயினும், பொறி செய்யும் தச்சர் என்னும் பொருளில் அதனுள் ஓர் உண்மை ஒளிந்துகிடக்கின்றது. எனினும் படத்தின்கீழ் எழுதும் சொல்லைப் படிப்போர் இன்றைய பொருளிலேயே கொள்வர். அப்பொருளில் அது மெய்யன்று.

யூப்ரதீசு தைகிரீசு நாட்டில்

இனி அவர் பணிபுரிந்த நாட்டைக் காண்போம். முதல் உலகப்போரில் இந்தியாவிலிருந்து கடல் கடந்த வீரரும் பணியாளரும் 10 இலட்சத்துக்கு மேற்பட்டோர். அவருள் 5 இலட்சத்துக்கு மேற்பட்டோர் சென்றது, அக்காலத்து மெசபொட்டேமியா எனவும் இக்காலத்து இராக்கு எனவும் வழங்கும் நாட்டுக்கு. 1914 நவம்பரிற் சேனை பஸ்ராவைப் பிடித்தது. 1915 நவம்பரிற் டெசிபோனில் துருக்கியரை வெல்லமாட்டாது பின்வாங்கிக் கூட் என்னும் ஊரில் அடைபட்டது. டிசம்பர் 7 முதல் முற்றுகை. மீட்கச் சென்ற படைகள் ஏறத்தாழ 23,000 பேரை இழந்தும் பயனில்லை. 1916 ஏப்ரல் 29-ஆம் நாள் கூட்டில் இருந்தோர் ஏறத்தாழ 13,000 பேர் பசியாற் சரணடைந்தனர்.

தோல்விக்குக் காரணங்களுட் பெரியது போக்குவரவின்மை. தென்மெசபொட்டேமியா ஆற்று வண்டலாலாகிய நாடு. சாலைக்கு இடக் கல் கிடையாது. மழை பெய்யின் நிலம் முழுதும் களி. மலைப்பனி உருகும் மார்ச்சு முதல் மே வரை தைகிரீசு கரைபுரளும். கோடையில் நிழலிலும் உடல் வேகும். இத்தகைய நாட்டிற் சேனையை நடத்துவது துப்பாக்கியினும் பலகையையும் கயிற்றையும் மண்வெட்டியையும் பொறுத்தது. 1916 ஆகஸ்டில் தலைமையேற்ற ஜெனரல் மாட் முதற்கண் துறைமுகமும் சாலையும் இருப்புப் பாதையும் ஆற்றுக்கலங்களும் திருந்தச் செய்து, பின்னரே முன்னேறினார். 1917 பிப்ரவரி 23-ஆம் நாள் வைகறையில், கூட்டுக்கு மேலுள்ள சும்ரான் வளைவில், எதிர்க்கரைக் குண்டுமழைக்கிடையே படகுகளால் வீரர் கடத்தப்பட்டனர். அன்று மாலைக்குள் ஆற்றின் குறுக்கே மிதவைப்பாலம் கட்டிமுடிந்தது. மார்ச்சு 11-ஆம் நாள் பாக்தாத்து வீழ்ந்தது. அன்று ஆறு கடந்த 14-ஆம் டிவிஷனில் மதராஸ் சாப்பர்களின் 12-ஆம், 13-ஆம் கம்பெனிகள் இருந்தன.

மிதவைப்பாலம் அமையுமாற்றைத் தச்சர் குடியினராகிய நம் அன்பர்க்குச் சொல்லுதல் தகும். ஒரேயளவான படகுகளை நீரோட்டத்தை நோக்கி முகம் வைத்து, ஒத்த இடைவெளியில் நங்கூரமிட்டு நிறுத்துவர். படகுக்குப் படகு உத்தரங்களை நீட்டிப் பிணைப்பர். அவற்றின்மேற் குறுக்காகப் பலகை பரப்பி, இருமருங்கும் நீண்ட சட்டங்களை வைத்துக் கயிற்றால் இறுக்குவர். கரையோரத்தில் நீர் ஆழமின்மையிற் படகு தரைதட்டும். அவ்விடங்களில் மரக்கால் நாட்டித் தாங்குவர். கப்பல் வருங்கால் நடுவில் இரண்டொரு படகுகளை அவிழ்த்து வழிவிட்டு மீளப் பூட்டுவர். குண்டு துளைத்த படகை அடைப்பதும், முறிந்த உத்தரத்தை மாற்றுவதும், மரக்காலுக்கு அளவெடுத்து அறுப்பதும் தச்சர் வேலை.

எம் பூட்டனார் சும்ரானில் இருந்தாரா எனின், பதக்கத்தின் விளிம்பு படையைச் சொல்லுமேயன்றிக் கம்பெனியைச் சொல்லாது. ஆகவே அவரை அவ்வெற்றிப் பாலத்தின்மேல் நிறுத்த எமக்கு உரிமையில்லை. அவர் தம் மகளாரிடம் போரைப் பற்றிச் சொன்னவை மிகச் சிலவே. “ஆத்துல பலகை கட்டினோம், ராத்திரி வெள்ளம் வந்து அடிச்சிட்டுப் போச்சு, விடிஞ்சதும் மறுபடி கட்டினோம்” என்பாராம். ஆண்டில் ஒருமுறை நீர் வருவதும் அரிதான பாலாற்றங்கரையிற் பிறந்தவர்க்கு, அவ்வாற்று நீரே போர்க்களமாயிற்று போலும்.

மறைக்கப்பட்ட பகுதி

இதுவரை கூறியவற்றோடு நிறுத்திக்கொண்டால் எம் உறவினரும் மகிழ்வர், யாமும் எளிதிற் கரையேறுவோம். ஆயினும் அத்தைப் பாட்டியார் சொன்னது அவ்வளவிற் முடியவில்லை.

மதராஸ் சாப்பர் படையின் தனியியல்பு ஒன்றுண்டு. வடநாட்டுப் படைகள் பலவற்றில் இன்ன சாதியார்க்கு இன்ன கம்பெனி என்று பகுத்திருந்தனர். மதராஸ் சாப்பர்களிலோ தமிழர், தெலுங்கர், இந்துக்கள், முகமதியர், கிறித்தவர், ஆதிதிராவிடர் யாவரும் ஒரே கம்பெனியில் ஒருங்கே உழைத்தனர். எம் பூட்டனாருக்கு அங்கே உயிர்த்தோழர் ஒருவர் இருந்தார். எம் ஊருக்கு இரண்டு கல் தொலைவிலுள்ள சேரியைச் சார்ந்தவர். ஒரே நாளிற் படையிற் சேர்ந்து, ஒரே கப்பலிற் சென்றவர்கள். தோழர் 1916-ஆம் ஆண்டுக் கோடையிற் பஸ்ராவிற் காய்ச்சலால் இறந்தார். எம் பூட்டனார் ஊர் திரும்பியதும், தம் வீட்டுக்குட் புகுமுன்னர், தோழர் கையிற் கிடந்த வெள்ளிக் காப்பை அவர் தாயாரிடம் சேர்ப்பிக்கச் சென்றார். சென்றவர் திண்ணையில் அமர்ந்து, அத்தாயார் கொடுத்த நீரைப் பருகினார்.

இச்செய்தி அவருக்கு முன்னரே எம் ஊரை எட்டிவிட்டது. கடல் கடந்ததற்கும் நீர் பருகியதற்கும் சேர்த்துப் பிராயச்சித்தம் செய்து, புதுப்பூணூல் தரிக்க வேண்டுமென்று உறவினர் கூடிச் சொன்னார்கள். கடல் கடந்ததற்குச் செய்வேன், நீர் பருகியதற்குச் செய்யேன் என்றார் அவர். அன்று முதல் நம்மவர் வீட்டு விருந்துகளில் அவருக்கு இலை பந்தலின் கடைசியில், தனியே இடப்பட்டது. அதனை அவர் ஏறத்தாழ 25 ஆண்டுகள் பொறுத்தார். அவ்வாண்டுகளிற் சேரிக்குச் செல்வதையும் நிறுத்தவில்லை. 1944-இல் எம் பாட்டனாருக்குத் திருமணம் உறுதியாயிற்று. தந்தையார் பிராயச்சித்தம் செய்தாலன்றிப் பெண் கொடோம் என்றனர் பெண் வீட்டார். மகன் பொருட்டு அவர் தலை வணங்கினார், தண்டமும் கட்டினார். அப்பொழுது 12 அகவைச் சிறுமியாயிருந்த அத்தைப் பாட்டியார், அன்றிரவு அவர் உண்ணாது கொல்லையில் அமர்ந்திருந்ததைக் கண்டதாகச் சொல்லிக் கண்கலங்கினார். ‘இஞ்சினீர்’ கதை எம் வீட்டில் எழுந்தது அதன் பின்னரேயாம். தனியிலையை மறக்கவேண்டியவர்க்கு நாற்காலி தேவைப்பட்டது.

யாம் அத்தோழர் குடும்பத்தாரைத் தேடிச் சென்றோம். தோழருடைய தம்பியாரின் பேரர் எம்மை அன்போடு வரவேற்றார். அவர் வீட்டுச் சுவரில், 5 அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த குறுக்களவுள்ள ஒரு வெண்கல வட்டம் மாட்டப்பட்டுள்ளது. போரில் இறந்தோரின் குடும்பங்களுக்கு அரசாங்கத்தார் அனுப்பிய நினைவுத்தகடு அது; அத்தகையவை 13 இலட்சத்துக்கு மேல் வார்க்கப்பெற்றன. அதிற் பெயர் மட்டும் உளது, பதவி இல்லை. இறந்தோருள் உயர்வு தாழ்வு இலதாதல் வேண்டுமென்று கருதியே பதவியைப் பொறியாது விட்டனர். ஆயினும் அக்கருத்து எங்கும் காக்கப்படவில்லை. பஸ்ராவில் 1929-இல் எடுத்த நினைவுச்சின்னம் 40,000-க்கு மேற்பட்டோரை நினைவுகூர்வது. அதன் சுவரிற் பிரிட்டிஷ் வீரர் பெயர்கள் பொறிக்கப்பட்டன. இந்தியருட் பதவியுற்றோர் பெயர்களும் பொறிக்கப்பட்டன. ஏனை இந்தியச் சிப்பாய்களும் சாப்பர்களும் படைப்பிரிவுதோறும் வெறும் தொகையாகவே குறிக்கப்பட்டனர். இத்தகைய வேற்றுமைகள் பல நிகழ்ந்தனவென்பதைப் போர்க்கல்லறைக் கழகத்தாரே 2021 ஏப்ரலில் ஓர் அறிக்கையால் ஒப்புக்கொண்டு வருந்தினர். அவர்தம் ஏட்டில் யாம் தேடியவிடத்து, தோழர் பெயரும், எண்ணும், தந்தையார் பெயரும், ஊர்ப்பெயரும் பிழையின்றி இருந்தன. அதனைப் பெயர்த்தெழுதி அவர் குடும்பத்தாரிடம் கொடுத்தோம்.

விடைபெறுங்கால் அப்பேரர், “ஐயா, ஒண்ணு பார்த்துட்டுப் போங்க” என்று பின்கட்டுக்கு அழைத்துச் சென்றார். வீட்டைக் காரைக் கட்டடமாக மாற்றிய பின்னும் ஒரு பழைய மரக்கதவை அங்கே வைத்துள்ளார். “உங்க பெரியவர் செஞ்சு குடுத்தது. கூலி வாங்கலையாம். பிராயச்சித்தம் ஆனப்புறமும் ராத்திரியில வருவாராம். வந்தா கதவத் தட்டமாட்டாராம், தடவிப் பார்ப்பாராம். அந்தச் சத்தத்துல எங்க பாட்டன் எழுந்து தெறப்பாராம்” என்றார். கதவின் சட்டப் பொருத்தும், நடுப்பலகையில் வெட்டிய பூவேலையும் எம் வீட்டு நிலைவாயிற் கதவினவேயாக இருந்தன. யாமும் அதனைத் தடவிப் பார்த்தோம்.

யாம் வேண்டுவது

இவையனைத்தையும் எழுதி முடித்து எம் பெரிய தந்தையாரிடம் காட்டினோம். அவர் முழுதும் படித்து, நெடுநேரம் பேசாதிருந்து, “பாலத்தைப் பத்தி எழுது, சாப்பர்னும் எழுதிக்கோ. அந்தத் தண்ணி விஷயம் எதுக்கு? கல்யாணத்துக்கு நிக்கிற பிள்ளைங்க வீட்டில இருக்காங்க” என்றார். அவர் கூறியது அச்சத்தாலன்று, குடும்பத்தின்பால் வைத்த அன்பினாலேயே என்பதை யாம் அறிவோம். எம் பூட்டனாரும் இதே அன்பினாலன்றோ 1944-இல் தலைவணங்கினார்! ஆயினும், 80 ஆண்டுகள் கழித்தும் அதே காரணத்தை நாம் சொல்லவேண்டியிருப்பின், அக்குறை அவர் பருகிய நீரினதன்று, நம்முடையதே. இதனை எம் பெரிய தந்தையாரிடம் பணிவோடு கூறினோம். அவர் உடன்பட்டாரென்று எழுத இயலவில்லை; தடுக்கவும் இல்லை.

ஆதலின் சங்கத்தார்க்கு யாம் செய்துகொள்ளும் விண்ணப்பம் இரண்டு. முதலாவது: எம் பூட்டனார் படத்தின்கீழ் ‘முதல் இஞ்சினீர்’ என்பதை நீக்கி, ‘தச்சர், மதராஸ் சாப்பர் படையிற் சாப்பர், மெசபொட்டேமியா’ என்று மட்டும் எழுதுக. விடுதியிற் பயிலும் நம் பிள்ளைகளுள் மெய்யான இஞ்சினீர் பலர் தோன்றியுள்ளனர், இன்னும் தோன்றுவர். அவர்க்குப் பொய்யான முதல்வர் ஒருவர் வேண்டா. வெள்ளம் அடித்துச் சென்ற பாலத்தை விடிந்ததும் மறுபடி கட்டிய தச்சர் ஒருவர் போதும். இரண்டாவது: படம் திறக்கும் நாளன்று அத்தோழர் குடும்பத்தாரையும் அழைத்தல் வேண்டும், விருந்தில் அவர்க்கு இலை எம் இலைக்கு அடுத்து இடப்படல் வேண்டும். இதற்குச் சங்கத்தார் இசையாராயின் படத்தை எமக்கே திருப்பித் தந்துவிடுமாறு வணக்கத்தோடு வேண்டுகின்றோம்.

அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் இல்லங்களிற் பழம்பெட்டிகளின் அடியிற் பதக்கமோ, தகடோ, டிஸ்சார்ஜ் காகிதமோ இருத்தல் கூடும். ‘இவ்வூரிலிருந்து இத்தனை பேர் பெரும்போருக்குச் சென்றனர், இத்தனை பேர் உயிர் நீத்தனர்’ எனத் தொகை மட்டும் கூறிப் பெயர் கூறாத கற்கள் நம் சீமையூர்கள் பலவற்றிற் சுவர்களிற் பதிந்துள்ளன. அத்தொகைக்குள் உங்கள் முன்னோரும் இருத்தல் கூடும். வெள்ளியாயின் உருக்கக் கொடாதீர்கள்; விளிம்பைப் படியுங்கள். படித்தபின் வீட்டு முதியோரிடம் சென்று கேளுங்கள். அவர்கள் சொல்லுவது நீங்கள் எதிர்பார்த்ததினின்று வேறாயிருப்பினும், அதனை உள்ளவாறே எழுதி இவ்விதழுக்கு விடுத்துதவுங்கள்.